மேற்கு வராந்தா

9 ஜனவரி 2025, வியாழன்

தால்தலாவில் புது வேலை. புனித ரோக்கு கோயிலை அளந்து வரைய வேண்டும். கூடவே எந்தப் பகுதி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிக்கை எழுத வேண்டும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் எங்கள் ஆபீஸின் தலைவர் ரஞ்சன்தா என்னைத் தனியாக அனுப்பியிருக்கிறார். மூன்று வருட உத்தியோகத்தில் இதுதான் முதல் முறை. “ரிப்போர்ட்டில் உன் கையெழுத்தும் இருக்கும், சைதன்யா” என்று சொல்லிவிட்டு, நான் சந்தோஷப்படுகிறேனா என்று முகத்தைப் பார்த்தார். பட்டேன். காட்டிக்கொள்ளவில்லை.

சந்துக்குள் பிரியாணிக் கடையையும் ஒரு அச்சகத்தையும் தாண்டினால் திடீரென்று ஆறு ஜோடித் தூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல். கிட்டே போய்த் தட்டினால் செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதில் கல் அடுக்கியது மாதிரி கோடு கீறியிருக்கிறார்கள். இந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான். கையில் இருந்தது கங்கைக் களிமண், மனசில் இருந்தது ரோமாபுரி.

1797இல் இங்கே ஒரு ஓலைக் கொட்டகை இருந்ததாம். 1841இல் தோனா அந்தோனியா என்ற போர்த்துகீசிய வம்சத்து உப்பு வியாபாரியின் விதவை இப்போதைய கோயிலைக் கட்டினாள். பீடத்துக்கு முன்னால் தரையிலேயே அவள் கல்லறைக் கல். அவளுடைய நற்குணங்கள் பதினான்கு வரி. சூளையிலிருந்து செங்கல் சுமந்தவர்களுக்கு அரை வரிகூட இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் எரிகிறது.

பவானிபூர் வீட்டுக்குத் திரும்ப ஏழு மணி. அம்மாவுக்கு ரோக்குவின் சிலையைப் போனில் காட்டினேன். தொடையில் புண், காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். கொள்ளைநோய் வந்தால் இவரைத்தான் கும்பிடுவார்கள்.

“நாயோட நிக்கறாரா? நம்ம பைரவர் மாதிரியே இருக்காரே. நன்னா சேவிச்சுக்கோ. நாளைக்குத் தூசி மாஸ்க் எடுத்துண்டு போ.”

12 ஜனவரி, ஞாயிறு

லேசர் மீட்டரைக் கோயிலில் மறந்து வைத்துவிட்டேன். ஆபீஸ் சாமான், போனால் என் தலைதான். மூன்று மணிக்கு ஓடினேன்.

கோயில் பூட்டியிருந்தது. ஆனால் மேற்கு வராந்தா நிறையப் பெண்கள். ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். பாய் விரித்து உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்து, பொரி தின்று, பாடி, சண்டை போட்டுக்கொண்டு. எல்லாரும் ஓராவ், முண்டா பழங்குடிக் கிறிஸ்தவப் பெண்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து அலிப்பூர், பாலிகஞ்ச் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். வாரத்தில் ஞாயிறு இரண்டிலிருந்து ஐந்துவரைதான் அவர்களுடைய நேரம்.

செருப்போடு பாயை மிதித்துவிட்டேன். “ஏய் திதி, காலில் கண்ணில்லையா?” என்று ஒரு குரல். திதி என்றால் அக்கா. அவள்தான் சலோமி எக்கா. நாற்பது வயது இருக்கும். குள்ளம். மீட்டரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

“இது என்ன, சுகர் பார்க்கிற மெஷினா?”

“தூரம் அளக்கிறது.”

“அப்போ எங்க ஊர் குமலாவுக்கு எவ்வளவு தூரம், அளந்து சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். பத்து நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தவள் ஐந்து மணிவரை எழுந்திருக்கவில்லை. குளிர்கால மேற்கு வெயில் வராந்தாவில் நீளமாகப் படுத்திருந்தது. இந்த ஊரில் இவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் காலை நீட்டி உட்காரும் ஒரே இடம் இது.

போன வருஷம் ஒரு வீட்டில் சூடுபோடப்பட்ட பெண் ஓடிவந்து சேர்ந்ததும் இங்கேதானாம். சலோமிதி சொன்னாள். (நானும் இப்போது திதி சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன்.) எந்த வீடு, எந்தத் தெரு என்று அறுபது பேருக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு இன்றுவரை யாரும் வேலைக்குப் போகவில்லை. எந்த யூனியன் இதைச் செய்யும்?

17 ஜனவரி, வெள்ளி

எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று தெரியவில்லை. கோயில் கமிட்டியின் கடிதத்தை இன்றுதான் முழுசாகப் படித்தேன். கூரை ரிப்பேருடன் “மேற்கு வராந்தாவைக் கண்ணாடியால் அடைத்து, ஏ.சி. வசதியுடன் பாரம்பரியக் கூடமாக்குதல்”. சுவரில் பழைய போட்டோக்கள், கல்யாண வரவேற்புக்கு வாடகை.

அறுபது பெண்கள்? கடிதத்தில் இல்லை. வரைபடத்திலும் இல்லை. கண்ணாடி எங்கே வரும் என்று மட்டும் இருக்கிறது.

பங்குச் சாமியார் ஃபாதர் கோமஸிடம் நேரே கேட்டேன். “அந்தப் பெண்கள் எங்கே போவாங்க ஃபாதர்?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்க்கலாம்மா. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.” இந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குத் தெரியும். பணக்காரர்களுக்கு ‘உடனே’, மற்றவர்களுக்குப் ‘பார்க்கலாம்’.

22 ஜனவரி, புதன்

வராந்தா அளந்து முடித்தேன். நீளம் இருபத்தாறு மீட்டர். மேலே பதின்மூன்று உத்தரங்கள், பர்மா தேக்கு. அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் ஓடு, அதற்கும் மேல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்பொடியும் கலந்து இடித்த கனமான தளம். நடுக்கூடத்திலிருந்து வராந்தாவுக்கு ஏழு கதவுகள். ஒவ்வொரு கதவு நிலையிலும் வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில், எதிரெதிராக இரண்டு இரும்புக் குழிகள். கம்பி சொருகத்தான். “மாடு நுழையாமலிருக்க” என்று குறித்துக்கொண்டேன். கதவுகளின் முன்னால் தரைக்கல் குழிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக முழங்கால்கள்.

உப்பு வியாபாரியின் விதவை இல்லை, இந்த முழங்கால் குழிகள்தான் இந்தக் கோயிலின் சரித்திரம். அறிக்கையில் இப்படியே எழுதப் போகிறேன். ரஞ்சன்தா அந்த வரியை அடித்தால் அடிக்கட்டும்.

28 ஜனவரி, செவ்வாய்

இதை எழுத வேண்டுமா?

ஆபீஸில் யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உத்தரங்களைத் தட்டிப் பார்த்தேன். ஏணி வைத்து, சுவருக்குள் நுழையும் முனையில் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல தேக்கு ‘டங்’ என்று பதில் சொல்லும். எட்டுவரை ‘டங்’. ஒன்பதாவது ‘பொத்’. மறுபடி தட்டினேன். ‘பொத்’. மெல்லிய டிரில் போட்டேன். சுருள் சுருளாக மரச்சீவல் வர வேண்டும். கறுப்பாக, ஈரமாக, பொடி வந்தது. காப்பித்தூள் மாதிரி. சுவருக்குள் மழைக்குழாய் உடைந்திருக்க வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு மக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பத்திலிருந்து பதின்மூன்றுவரை மறுபடி ‘டங்’.

அறிக்கையில் ஒவ்வொரு உத்தரத்தின் நிலைமையையும் ஒன்று முதல் நாலுவரை எண்ணில் போட வேண்டும். ஒன்று நல்லது. நாலு ஆபத்து, உடனே ஆளை அகற்று.

நாலு போட்டால் என்ன நடக்கும்? கமிட்டிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ‘பாதுகாப்பு’ என்று பலகை தொங்கும். பெண்கள் வெளியே. ரிப்பேர் முடிந்து திறக்கும்போது கண்ணாடியும் ஏ.சி.யும் இருக்கும்.

நூற்றியெண்பது வருஷம் நின்ற மரம் இன்னும் இரண்டு வருஷம் நிற்காதா? பக்கத்து உத்தரங்கள் தாங்காதா?

2 போட்டேன். “கண்காணிக்கவும்” என்று ஒரு வார்த்தை சேர்த்தேன்.

5 பிப்ரவரி, புதன்

அறிக்கை போய்விட்டது. வராந்தாவுக்கு மட்டும் நாலு பக்கம். “இக்கோயிலின் மிக முக்கியமான மூலப் பகுதி. கட்டுமானம் உறுதியாக உள்ளது. திறந்த நிலையிலேயே விடப்பட வேண்டும்.” ரஞ்சன்தா படித்துவிட்டு, “உனக்குக் கோபம் வந்தால் நன்றாக எழுதுகிறாய்” என்றார்.

இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! கண்ணாடிக் கூடம் கைவிடப்பட்டது. மூலப் பகுதி என்று எழுதியிருக்கும்போது கைவைத்தால் மாநகராட்சி அனுமதி கிடைக்காது என்று கமிட்டி பயந்துவிட்டது.

மூன்று மணிக்குப் போய்ச் சொன்னேன். “சலோமிதி, உங்க இடத்தைக் காப்பாத்தியாச்சு.”

“எந்த இடத்தை?”

“இந்த வராந்தாவை.”

அவள் மேலும் கீழும் பார்த்தாள். “ஓ, இதையா. சரி. நல்லது.” பொரியை நீட்டினாள். பிறகு பேச்சோடு பேச்சாக, “பெரிய ஆளுங்ககிட்டப் பேசற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா உள்ளே விடச் சொல்லிக் கேட்டிருப்போமே” என்றாள். பக்கத்திலிருந்த பூல்மணி, “ஃபேன் இருக்கு உள்ளே, எட்டு ஃபேன்” என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் கோபம். வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன், ஒரு நன்றி—

எழுதிவிட்டுப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

9 மார்ச், ஞாயிறு

போகவில்லை. ஒன்பதாம் உத்தரத்துக்குக் கீழே யார் உட்காருவார்கள் என்று யோசித்தேன். பூல்மணி. கூட இரண்டு சின்னப் பெண்கள். எப்போதும் அந்த இடம்தான்.

20 மார்ச், வியாழன்

சாயங்காலம் இந்த வருஷத்தின் முதல் கால்பைசாகி, கோடைச் சூறைக்காற்று. வானம் கறுத்து, பத்தே நிமிஷத்தில் ஹரீஷ் முகர்ஜி தெருவில் இரண்டு மரங்கள் சாய்ந்தன. அப்பா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே, “அப்பாடா, காத்து” என்று சந்தோஷப்பட்டார். என்னால் முடியவில்லை.

மரம். ஈரம். ‘பொத்’.

21 மார்ச், வெள்ளி

காலை ஏழரைக்கே தால்தலா போனேன். ஒன்பதாம் உத்தரத்தின் கீழே தரையில் ஒரு கூடை காரை. ஓடு ஒன்று உடைந்து கிடக்கிறது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். உத்தரம் சுவரிலிருந்து இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது.

புயல் வந்தது வியாழக்கிழமை. ஞாயிறாக இருந்திருந்தால்?

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிருக்கேன் நான். என்ன தைரியம் எனக்கு. யாரோட தலைமேல யாரு ரெண்டு போடறது?

ஆபீஸ் போய் ரஞ்சன்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். டிரில்லில் கறுப்பாக வந்ததையும், வேண்டுமென்றே 2 போட்டதையும்.

அவர் கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. அறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

“அந்தத் தளம் ஒரு உத்தரத்துக்கு எவ்வளவு எடை வரும்?”

“மூணு டன்னுக்குக் கிட்ட.”

“கணக்கு தெரிந்துதான் செய்திருக்கிறாய்.”

“ஆமா.”

“அந்தப் பெண்கள்மேல் அக்கறையில்.”

“ஆமா.”

“அவங்ககிட்டச் சொன்னியா? ‘இது விழலாம், ஆனா இடம் போகாது, உட்காருங்க’ன்னு?”

“இல்லை.”

“நான் மறுபடி தட்டிப் பார்த்திருக்கணும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு” என்றார். “உன் தப்பை நீ போய்ச் சரிபண்ணு. இன்னும் ஒரு வருஷத்துக்கு எந்த ரிப்போர்ட்டிலும் உன் கையெழுத்து வராது.” நியாயம். திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானத்துக்குள் இரும்பு முட்டுகள் வந்துவிட்டன. வராந்தாவின் இரண்டு முனைகளிலும் தகரம் அடித்தாகிவிட்டது. பலகை எழுதியது நான். ஆபத்து. உள்ளே வரக் கூடாது.

22 மார்ச், சனி

ஃபாதர் கோமஸிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கண்ணாடிக் கூடம் யாருக்குன்னு நினைச்சே? ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்களுக்குன்னு விட்டுடலாம்னு இருந்தேன். மழையில நனையாம, ஏ.சி.யில. கமிட்டிக்கு இன்னும் சொல்லலை. கட்டி முடிச்சதும் சொல்லலாம்னு.”

நம்புவதா? தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. பயந்த மனிதர் மாதிரி இருக்கிறது. நாலாம் பெஞ்சு தன் குடும்பத்துடையது என்கிற மிஸஸ் பெரைராவுக்கும் கமிட்டிக்கும் பயந்து பயந்து நல்லது செய்யப் பார்க்கிற ஆள்.

ஆனால் ஒன்று. அவரும் அவர்களைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

மூன்று மணிக்குத் தகரத்துக்கு முன்னால் நின்றேன். எல்லாரும் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சந்தில் நின்றார்கள். பிரியாணிக் கடைக்காரன், “வழியை விடுங்க, வழியை விடுங்க” என்று கத்திக்கொண்டிருந்தான்.

சொன்னேன். ஹிந்தியில், தப்பும் தவறுமாக. ஜனவரியிலேயே எனக்குத் தெரியும், நாலுக்குப் பதில் ரெண்டு போட்டேன் என்று சொன்னபோது பூல்மணி தலையில் கை வைத்துக்கொண்டாள். தன் தலையில்.

சலோமிதி ரொம்பக் கிட்டே வந்தாள். என் தோள் உயரம்கூட இல்லை.

“யார் உன்னைக் கேட்டது?”

“இடம் போயிடக் கூடாதுன்னு—”

“யார் கேட்டதுன்னு கேட்டேன். எங்க மேம்சாப் இப்படித்தான். ‘உன் நல்லதுக்குத்தான் கதவை வெளியே பூட்டறேன்’னு சொல்லும். நீயும் அவங்க ஆளுதான். சுத்தியலோட வந்த மேம்சாப்.”

யாரும் சிரிக்கவில்லை.

“இந்த வராந்தா வேணும்னு நாங்க எப்போ சொன்னோம்? மார்ச்சுக்கு மேல இங்கே உட்கார்ந்து பார்த்திருக்கியா? மூணு மணி வெயில் நேரா மூஞ்சியில. தரை தோசைக்கல்லு. மழைன்னா சாரல். எட்டு வருஷமா கேக்கறோம், உள்ளே உட்கார்ந்துக்கறோம்னு. காலி. ஒரு ஈ, காக்கா இல்லை உள்ளே. பூட்டு.”

நான் பார்த்தது ஜனவரி வெயில். ஒரே ஒரு ஜனவரி வெயிலைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

26 மார்ச், புதன்

திங்கட்கிழமை ஃபாதரிடம் கேட்டேன், பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை ஏன் பூட்டு? “வழக்கம்” என்றார். எப்போதிலிருந்து? தெரியாது. பழைய கமிட்டிக் குறிப்பேடுகளை எடுத்துக் கொடுத்தார். பாதி கரையான். மூன்று நாளாக அதில்தான் தலையை விட்டிருக்கிறேன். இன்று கிடைத்தது. செப்டம்பர் 1841, கட்டடம் முடிகிற சமயம்:

பெஞ்சுக்குச் சந்தா கட்டாத சுதேசிகளும் வீட்டு வேலைக்காரர்களும் இனி மேற்கு வராந்தாவிலிருந்து பூசை கேட்கலாம். அவர்கள் உள்ளே நெருக்காமலிருக்கக் கதவுகளில் கம்பி போடப்பட வேண்டும்.

மாட்டுக்கு இல்லை அந்த இரும்புக் குழிகள்.

ஓடிப்போய் வராந்தாவில், முட்டுகளுக்கு இடையில், அந்தக் குழிந்த கற்களில் மண்டியிட்டேன். ஒவ்வொரு கதவாக. முதல் கதவிலிருந்து பார்த்தால் தூண். மூன்றிலிருந்து பார்த்தால் தூண். இரண்டாவதிலிருந்து மட்டும் பீடத்தின் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தித் தண்டு. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாவற்றிலும் தூணும் தூணின் முதுகும். நான் ரசித்து ரசித்து வரைந்த நடுக்கூடத்து இரட்டைத் தூண்கள்.

இந்தக் குழிகளில் மண்டியிட்டவர்கள் எதையும் பார்க்கவில்லை. மணிச்சத்தம் கேட்டுத் தலை குனிந்திருப்பார்கள். இதைத்தான் நான் ‘மிக முக்கியமான மூலப் பகுதி, அப்படியே விடப்பட வேண்டும்’ என்று சிபாரிசு செய்தேன். தோனா அந்தோனியா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பாள்.

28 மார்ச், வெள்ளி

திருத்திய அறிக்கை. ஒன்பதாம் உத்தரம்: 4. கூடவே ஒரு படம்: ஏழு கதவுகளிலிருந்தும் பீடத்துக்குக் கோடு இழுத்து, எது எந்தத் தூணில் மோதுகிறது என்று. 1841 தீர்மானத்தின் நகல். முன்பு எழுதியது எப்படித் தவறு என்று ஒரு பத்தி. உரிச்சொல் எதுவும் இல்லை. ரஞ்சன்தா கையெழுத்துப் போட்டார். என் பெயர் இல்லை.

30 மார்ச், ஞாயிறு

இன்று நடந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதனாலேயே முழுசாக எழுதி வைக்க வேண்டும்.

முட்டுக்கு மேலே உள்ள சுவரை உள்பக்கமிருந்து பார்க்க இஞ்சினியர் இரண்டரை மணிக்கு வந்தார். அதற்காக நடுக்கூடத்தைத் திறந்தார்கள். நானும் ஃபாதரும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு முன்வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம்.

சலோமிதி முன்னால். பின்னால் எல்லாரும். தகரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுப்பாதையில் நேரே நடந்து வந்தாள். கல்லறைக் கல்மேல் மிதிக்காமல் சுற்றிப் போனாள். செத்தவளுக்கு அந்த மரியாதை. பிறகு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஸஸ் பெரைரா குடும்பத்தின் பித்தளைத் தகடு அடித்த பெஞ்சு. பூல்மணி பக்கத்தில். ஒவ்வொரு பெஞ்சாக நிறைந்தது. யாரும் பாடவில்லை, பேசவில்லை. எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள்.

அவர் கை ஏணியில். நெற்றியெல்லாம் வியர்வை. இஞ்சினியர் மேலேயிருந்து, “என்ன ஆச்சு?” என்கிறார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் வாய் துடித்தது. சட்டம், மனித உரிமை, 1841. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடவுளே, ஒரு தடவையாவது வாயை மூடு.

ஃபாதர் ஏணியை என்னிடம் விட்டுவிட்டுப் பக்கச் சுவருக்குப் போனார். ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டார். எட்டு ஃபேன்கள். ஐந்தாவது கடகடவென்று ஆடியது.

“அதை நிறுத்துங்க ஃபாதர், தலையில விழப்போகுது! இந்த திதி அதுக்கும் ரெண்டு போட்டிருக்கும்!” என்றாள் சலோமிதி.

கோயிலே சிரித்தது. ஏணிமேலிருந்த இஞ்சினியருக்கு மட்டும் புரியவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

வாரத்தின் நடுவில் மிஸஸ் பெரைரா வந்தாராம். எழுபத்தெட்டு வயது, கைத்தடி. “என் பெஞ்சில் எண்ணெய்த் தலைகள்” என்று ஃபாதரிடம் சத்தம் போட்டிருக்கிறார். ஃபாதர் ஏழு கதவுகளின் அந்த வரைபடத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மிஸஸ் பெரைரா ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தாராம். பிறகு, “என் பாட்டனை வளர்த்த ஆயா ஒருத்தி இருந்தாள். அவள் எந்தக் கதவிடம் நின்றிருப்பாள்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாராம். மனம் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் பெஞ்சில் மெத்தை போட்டு ஜிப் வைத்த உறை மாட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

11 ஏப்ரல், வெள்ளி

கமிட்டித் தீர்மானம்: “மேற்கு வராந்தா பழுதுபார்க்கப்படும் வரை, தற்காலிகமாக, ஞாயிறு மத்தியானங்களில் நடுக்கூடம் அனுமதிக்கப்படுகிறது.” தற்காலிகமாக! அதுவும் ஒரு ‘பார்க்கலாம்’தான்.

ஒன்பதாம் உத்தரத்தை இன்று இறக்கினார்கள். சுவருக்குள் இருந்த முனை கையால் பிய்த்தால் வந்தது. ஒரு முழம் ஆழத்துக்கு. தச்சர் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

வீட்டில் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே?” “ஆகலை.” “அப்போ சாப்பிடு. தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுண்டாச்சு, பட்டினி கிடந்து அதைப் பெரிசு பண்ணாதே.”

27 ஏப்ரல், ஞாயிறு

மூன்று மணி. வெளியே நாற்பது டிகிரி. உள்ளே ஏழு ஃபேன்கள். எந்த ஃபேன் யாருக்கு என்று ஏற்கெனவே இரண்டு கோஷ்டி. பூல்மணி பின்பெஞ்சில் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

நான் கூரை ரிப்பேரின் வேகத்தைச் சொல்லப் போயிருந்தேன். ஜூலைக்குள் வராந்தா தயாராகிவிடும் என்றேன். “யாருக்கு அவசரம்? மெதுவா நல்லா பண்ணச் சொல்லு” என்றாள் சலோமிதி. பிறகு என் பையைப் பார்த்தாள். “பேப்பர் இருக்கா? எழுது.”

கமிட்டிக்குக் கடிதம். ஹிந்தியில் அவள் சொல்ல நான் எழுதினேன். முதலாவது, ஞாயிறு மத்தியானம் நடுக்கூடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, கோயில் கக்கூஸின் சாவி இவர்களில் ஒருத்தியிடம் இருக்க வேண்டும்; இதுவரை பிரியாணிக் கடைக்குப் பின்னால் போகிறார்களாம். எட்டு வருஷமாக. நான் அங்கே எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. மூன்றாவது, கண்ணாடிக் கூடமும் வேண்டும்.

“கண்ணாடிக் கூடமா?” என்றேன்.

“ஏன், மழைக்கு நல்லதுதானே? எங்க பொண்ணுங்க கல்யாணத்துக்கு வாடகைக்குத் தர மாட்டாங்களா?”

எழுதினேன். ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடித்திருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். “பணிவை அடி. கேட்கிறோம், போதும்.” அடித்தேன்.

பேனா பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. கையெழுத்துப் போடத் தெரியாத பதினோரு பேருக்காக ஃபாதரின் அறையிலிருந்து ஒரு பெண் மைப்பெட்டியை வாங்கி வந்தாள். கட்டைவிரலைப் பெஞ்சின் அடியில் துடைத்துக்கொண்டார்கள். பூல்மணியை எழுப்பினார்கள், பாதித் தூக்கத்தில் போட்டாள். அறுபத்திரண்டு பெயர்கள், இரண்டு பக்கம்.

கடிதம் என் பக்கம் வரவேயில்லை. சலோமிதி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, நேரே ஃபாதரின் அறைக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

நான் ஃபேன்களை நிறுத்திவிட்டு பஸ் பிடித்தேன்.